நடை என்னும் சொல்லும் நமது குலத்தின் நடையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. ஒரே ஒரு சொல். ஆயினும் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு சென்றால் நமது முன்னோர் நடந்த வழி முழுவதும் கண்முன் தோன்றுகின்றபடியால், சற்றே பொறுமையுடன் கேட்டருளுமாறு வேண்டுகிறோம்.

இப்பிரசங்கத்திற்கு வித்தாயிருந்தது எமது இல்லத்திலே நிகழ்ந்த ஒரு சம்பாஷணை. வெளியூரிலே என்ஜினீயரிங் கற்கும் எம் பேரன் கைப்பேசியில் தன் தகப்பனாரை அழைத்து, “அப்பா, வருகிற சனிக்கிழமை ஒரு ஹைக் இருக்கிறது, இரண்டாயிரம் ரூபாய் வேண்டும்” என்றான். எம் மகனோ தீப்பெட்டி வியாபாரத்தில் இருப்பவன். அவன் திடுக்கிட்டு, “இப்பொழுது என்னடா ஹைக்? காலேஜ் பீஸிலா, ஹாஸ்டல் பீஸிலா? சென்ற வருஷந்தானே ஏற்றினார்கள்!” என்றான். பையன் நகைத்து, “பீஸ் இல்லை அப்பா, மலை. மலைமேல் நடக்கப் போகிறோம்” என்றான். உடனே எம் மகன், “நடப்பதற்கா இரண்டாயிரம்? உன் தாத்தா சதுரகிரிக்குக் கட்டுச்சோற்று மூட்டையோடு நடந்துபோய் வந்தவர். ஒரு காசு செலவில்லை” என்று முடித்தான். பணம் பிறகு அனுப்பப்பட்டது என்பது வேறு விஷயம். நாம் அருகிலிருந்து கேட்டு வியந்தது யாதெனில், ஒரே சொல்லைத் தந்தை விலையேற்றமாகவும் மகன் மலையேற்றமாகவும் கொண்டதுதான். இருவர் கொண்டதும் பிழையன்று.

ஹைக் என்னும் அவ்வாங்கிலச் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்கிலே, விரைந்து உறுதியாக நடத்தல் என்ற பொருளில் காணப்படுகிறது. அதன் மூலம் இன்னதெனத் துணியப்படவில்லை. பின்னர் அமெரிக்காவிலே, சரியும் ஆடையை மேலே தூக்குதல் என்ற பொருள் அதற்குச் சேர்ந்தது. ஆடையை உயர்த்தியது நாளடைவில் விலையையும் கட்டணத்தையும் உயர்த்தலாயிற்று. நம் தேசத்துப் பத்திரிகைகளோ இந்தப் பொருளையே பெரிதும் வழங்குகின்றன. இனி மூன்றாவது பொருளொன்றும் உண்டு. வேண்டாத ஒருவனைப் பார்த்து ஆங்கிலத்திலே ‘ஒரு ஹைக் போ’ என்றால், தொலைந்து போ என்று அர்த்தம். நம்மவரும் அதனையே ‘நடையைக் கட்டு’ என்கிறோம். கடல் கடந்த இரு பாஷைக்காரர் ஒருவரையொருவர் அறியாமலே மனிதனை விரட்டுவதற்கு நடையையே துணைக்கொண்டது வேடிக்கையன்றோ!

மலை நடைக்கு இந்நாளில் வழங்கும் மற்றொரு சொல் டிரெக் என்பது. அது டச்சு மொழியிலே இழுத்தல் என்ற பொருளுடைய சொல்லினின்று வந்தது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வமிசத்தார் 1830-களிலே, குடும்பங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாடு நோக்கிப் புறப்பட்ட நெடும் பிரயாணத்திற்கு அப்பெயர் இடப்பட்டது. ஆகவே அது ஆதியிலே கால்நடையாய் உல்லாசமாகச் செல்வதைக் குறித்ததன்று. மாடு இழுக்க, மனிதன் கூட நடக்க, பிழைப்பைத் தேடிச் சென்ற வழிச்செலவையே குறித்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மறுபடியும் இதற்கு வருவோம்.

இனி நமது தமிழின் நடையை நோக்குவோம். நடை என்றால் காலால் நடத்தல். ஒருவன் எழுதும் போக்கும் நடை, உரைநடை என்கிறோம். ஒருவனது ஒழுக்கமும் நடை. நன்னடை, நடத்தை என்கிறோம். நாலு நடை தண்ணீர் சுமந்தாள் என்றால் நாலு தடவை. வீட்டின் வாசலுக்கும் கூடத்திற்கும் இடைப்பட்ட இடமும் நடை. கோயில் வாசலும் நடை. நடை திறந்தாயிற்று, நடை சாத்தியாயிற்று என்கிறோம். வழக்கத்திலிருக்கும் ஒழுங்கு நடைமுறை. இவ்வாண்டு நடப்பாண்டு. இவற்றிற்கெல்லாம் மேலாக, வியாபாரக் குலத்தவராகிய நாம் நாள்தோறும் வழங்கும் சொல் ஒன்றுண்டு. ஆங்கிலேயர் தம் கடையை ஓட்டுகிறார்கள். அவர் பாஷை அப்படி. நாமோ கடையை நடத்துகிறோம். பள்ளிக்கூடம் நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், சங்கம் நடத்துகிறோம். ஓடுகிறது விழும், நடப்பது நிலைக்கும் என்று கருதித்தான் நம் முன்னோர் இச்சொல்லைத் தேர்ந்தனரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

எம் மகன் கொண்ட பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏற்றம் என்பது நமக்குப் புதிதன்று. நம் குலத்தாரிற் பெரும்பாலோர் ஒரு காலத்தில் ஏறிப் பிழைத்தவர்களே. தேரிக்காட்டிலே ஒரு பனையேறி நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரங்கள் ஏறுவார். அவற்றையே காலையிலொரு முறையும் மாலையிலொரு முறையும் ஏறுவார். மரத்திற்கு மரம் நடை, மரத்தின்மேல் ஏற்றம். அவருடைய மார்பிலும் பாதங்களிலும் காய்த்த தழும்பே நமது குலத்தின் முதல் முதலீடு. இதனைச் சொல்ல நாணுவோர் நம்மிற் சிலர் உளர். நாணவேண்டுவது உழைத்துண்ட வாழ்வுக்கன்று. அவ்வாழ்வை மறந்துவிட்ட மறதிக்கே.

விலையேற்றத்திற்கும் நம் ஊர்ப்பக்கத்து உதாரணமே போதும். தீப்பெட்டியின் சில்லறை விலை 2007ஆம் ஆண்டில் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயாயிற்று. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அது அசையவில்லை. அரிசி ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. பெட்டியின் விலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை முதலான மூலப் பொருள்களின் கிரயம் தாங்கொணாது போகவே, உற்பத்தியாளர்கள் சிவகாசியிற் கூடி ஆலோசித்து, 2021 டிசம்பர் 1 முதல் பெட்டியொன்று இரண்டு ரூபாய் என நிர்ணயித்தனர். பத்திரிகைகள் இதனை ஹைக் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டன. ஆனால் விலைக்கு ஹைக் வந்தபோதெல்லாம், பெட்டி ஒட்டிய பெண்ணின் கூலிக்கும் அதே அளவில் வந்ததா என்பதை நாமே நம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியார் வந்து கேட்குமுன் நாம் கேட்டுக்கொள்வது நல்நடை.

இனி மாட்டு வண்டிக்கு வருவோம். பாளையக்காரர் யுத்தங்கள் 1801இல் ஓய்ந்தபின், தென்பாண்டிச் சீமையின் வழிகளிலே ஒருவாறு அமைதி நிலவிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்புக்கட்டியும் உப்பும் கருவாடும் பருத்தியும் ஏற்றிய வண்டிகளுடன் நம் முன்னோர் வடக்கே வந்தனர். இரவில் கள்ளர் பயம்; பகலில் மாட்டிற்குத் தண்ணீர் கிடையாத கரிசற்காடு. ஆதலின் வழிநெடுகப் பேட்டைகள் அமைத்தனர். சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, சரக்கு வைக்கக் கொட்டடி, வண்டி அவிழ்க்க இடம். பேட்டையில் இறக்கிய சரக்கிற்கு ஒரு சிறு தொகை பொதுவிற்கென்று எடுக்கப்பட்டது. அதுவே மகமை. இப்படி வண்டி நின்ற இடங்கள் ஊர்களாயின. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களும் நமது வழிச்செலவின் தங்கல்களே. அவற்றுள் விருதுபட்டி 1923இல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. தென்னாப்பிரிக்கப் பிரயாணத்தைப் பற்றி அந்நாட்டிலே பெரும் புத்தகங்கள் உண்டு. நமது வண்டிப் பிரயாணத்தைப் பற்றி நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கதையேனும் சொல்லியிருக்கிறோமா?

அம்மகமையே பின்னர்ப் பள்ளியாயிற்று. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1885இல் தோன்றியது. அதற்காக வீடு வீடாய் நடந்து பிடியரிசி சேர்த்த வரலாறு இவ்வவையிலுள்ள முதியோர் தம் பாட்டிமாரிடம் கேட்டிருப்பர். உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பது வீட்டுப் பெண்களின் நடைமுறை. அப்பள்ளியிலே பயின்றவர் 1903இல் இவ்வூரிற் பிறந்த காமராஜர். அவர் முதலமைச்சராய் விளங்கிய 1954 முதல் 1963 வரையிலான காலத்திலே, முந்நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று வேண்டுமென்று முயன்றார். அதன் தாத்பரியம் யாது? குழந்தையின் காலுக்கு எட்டும் தூரத்திலே கல்வி இருக்கவேண்டும் என்பதே. ஒரு பிடி அரிசிக்காக நடந்தவர்களின் ஊரிற் பிறந்தவருக்கு நடையின் அளவு தெரிந்திருந்தது.

சகோதரர்களே! இனிச் சொல்லப்போவது சற்று நெஞ்சை வருத்துவது. நடை என்ற சொல்லுக்குக் கோயில் வாசல் என்றும் பொருள் உண்டென்றோம். அந்த நடை நமக்கு நெடுங்காலம் சாத்தப்பட்டிருந்தது. நடப்பதற்கே அளவு விதிக்கப்பட்ட காலம் அது. திருவிதாங்கூர்ச் சீமையிலே நம்மவர் ஒரு நம்பூதிரியினின்று முப்பத்தாறு காலடித் தூரம் விலகி நிற்கவேண்டும் என்பது கட்டுப்பாடு. குடை பிடிக்கலாகாது, செருப்பணியலாகாது, பெண்மக்கள் மேலாடை அணியலாகாது. 1859ஆம் ஆண்டின் பிரகடனத்தினால்தான் மேலாடை விஷயத்தில் ஓரளவு விடிவு பிறந்தது. இப்பக்கத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுள் 1897இல் நம்மவர் நுழைந்தனர். வழக்கு மூண்டது. கீழ்க் கோர்ட்டிலும் ஹைக்கோர்ட்டிலும் தோற்று, 1908இல் லண்டன் பிரிவி கவுன்ஸிலிலும் தோற்றோம். இதற்கிடையே பகைமை முற்றி, 1899 ஜூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. உயிர்களும் வீடுகளும் அழிந்தன. அந்நாளைய கோபதாபங்களை மறுபடி கிளறுவது எமது நோக்கமன்று. இன்று இரு திறத்தாரும் ஒரே பஜாரில் வியாபாரம் செய்து, ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி வாழ்கிறோம், அங்ஙனமே வாழ்க. பத்து அடி நடந்து ஒரு வாசற்படியைத் தாண்டுவதற்கு ஒரு சமூகம் எத்தனை விலை கொடுத்தது என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

அவ்வாறு கொடுத்தவர்கள், பிறருடைய நடையை எவ்வாறு மதித்தார்கள்? இரண்டு உதாரணங்களைக் கூறுவோம். பட்டிவீரன்பட்டி டபிள்யு. பி. ஏ. சௌந்தரபாண்டிய நாடார் அவர்கள் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பினரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் இரத்தாகும் என்று உத்தரவிட்டார். பஸ் வந்தும் வெயிலில் நடந்தே செல்லவேண்டியிருந்த மக்களுக்கு அது எத்தகைய ஏற்றம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, 1939 ஜூலை 8ஆம் நாள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் திரு. ஏ. வைத்தியநாதையர் அழைத்துச் சென்ற சிறு கூட்டத்தில் கக்கன் முதலிய அரிஜன சகோதரர் ஐவர் இருந்தனர். அவர்களோடு விருதுநகரைச் சேர்ந்த எஸ். எஸ். சண்முக நாடார் அவர்களும் நடந்து உட்சென்றார். கமுதியிலே நம்மவர் தமக்காகத் தாமே நுழைந்தனர். மதுரையிலோ மற்றவரோடு சேர்ந்து நுழைந்தார். கமுதி வழக்கு தோற்றது; மதுரையின் நடை திறந்தது. அவ்வாண்டே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. கூடி நடப்பதன் பயன் இதனினும் விளங்கச் சொல்ல முடியுமோ?

ஆதலால் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். நமது வீதி வழியே பிறிதொரு வகுப்பைச் சேர்ந்த இளைஞன் செருப்பணிந்து, மோட்டார் சைக்கிளில், தலைநிமிர்ந்து செல்லுங்கால் முகஞ் சுளிப்பவர் நம்மில் ஒருவரேனும் இருப்பாராயின், அவர் முப்பத்தாறு காலடிக் கணக்கை மீண்டும் எழுதுகிறவராவார். நமது நடையில் அமர்த்திப் பேசவேண்டியவரை நமது வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசுவோமாயின், நாம் கண்ணீர் விட்ட சாத்திய நடையை நாமே மற்றொருவருக்குச் சாத்துகிறோம். சங்கம் என்பது ஒரு குலம் தன்னை உயர்த்திக்கொள்வதற்கு ஏற்பட்டது. பிறர் தோளின்மேல் ஏறி நிற்பதற்கு ஏற்பட்டதன்று.

அடுத்து நடைமுறை என்னும் பொருள். இது சிவகாசி வட்டத்து முதலாளிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் உயிர்ப் பொருள். பட்டாசுச் சாலையிலே வேலையறைகள் ஒன்றையொன்று நெருங்காமல் தூரத் தூரக் கட்டப்பட்டிருப்பது ஏன்? ஓர் அறையில் நெருப்புப் பற்றினால் மற்றோர் அறைக்குத் தாவாதிருக்க. ஓர் அறையிலே நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது ஏன்? விபத்து நேரினும் சேதம் குறைய, வாசல் வழியே வெளியே பாய இடமிருக்க. மருந்தைச் சிறிது சிறிதாகவே அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதும் அதற்கே. ஆகவே அங்கே நடை என்பது வீண் சிரமமன்று, அதுவே காவல். தீபாவளி ஆர்டர் நெருங்குங்கால் என்ன நடக்கிறது? பீஸ் கணக்கில் கூலி. ஒரு நடை நடந்தால் பத்து வெடி குறையும். நான்கு நடையில் கொண்டுவரவேண்டிய மருந்தை ஒரே நடையில் கொண்டுவருகிறார்கள். நால்வர் இருக்கவேண்டிய அறையில் எண்மர் அமர்கிறார்கள். இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. மிச்சமான அந்தச் சில நடைகளே ஒருநாள் ஒரு குடும்பத்தையே கொண்டுபோகின்றன.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்ததை யாவரும் அறிவர். ஏறக்குறைய நாற்பது உயிர்கள் மாய்ந்தன. அவர்களிலே அச்சாலையின் தொழிலாளிகளேயன்றி, புகை கண்டு உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் இருந்தனர். அதன்பின்னும் ஆண்டு தவறாமல் இவ்வட்டத்தில் சாவுச் செய்திகள் வந்தவண்ணமே இருக்கின்றன. தொழில் நம்முடையது, பெருமை நம்முடையது, ஆகவே பழியும் நம்முடையதே. காலையிருளில் தூக்குச்சட்டியுடன் ஆலை வண்டிக்காகச் சாலையோரம் நடந்துவந்து நிற்கும் பெண்கள், மாலையிலே அதே வழியில் வீட்டு நடைக்குத் திரும்பவேண்டும். இதைவிடப் பெரிய லாபக் கணக்கு எந்த முதலாளியின் பேரேட்டிலும் இல்லை. நம் உறுப்பினரான முதலாளிகள் ஒவ்வொருவரும் தமது சாலையை மாதம் ஒருமுறையாவது காலால் நடந்து, அறைக்கறை எட்டிப் பார்க்கவேண்டும் என்று இச்சபையின்முன் வணக்கமாய் விண்ணப்பித்துக்கொள்கிறோம். கண்ணாடியறையில் இருந்துகொண்டு காமிராவிற் பார்ப்பது நடையாகாது.

கடைசியாக எம் பேரனுடைய பொருளுக்கு வருவோம். வாலிபர்கள் மலைமேல் நடக்க ஆசைப்படுவது நல்லதே. நம் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. சாம்பல்நிற அணிலுக்கென்று 1988இல் சரணாலயமாக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. தாணிப்பாறை வழியாய்ச் சதுரகிரி மகாலிங்கத்தைத் தரிசிக்க அமாவாசை பௌர்ணமிகளில் நம் ஜனங்கள் ஏறுகின்றனர்; ஆடி மாதத்திலோ இருக்கன்குடி மாரியம்மனைச் சேவிக்க மஞ்சளாடையுடன் சாலைகள் நிறைய நடக்கின்றனர். ஆனால் மலை நமது பஜார் அன்று. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையிலே திடீரென வெள்ளம் புரண்டு பக்தர்கள் சிலர் மாண்டனர். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலை நடை சென்ற இளைஞர்களும் யுவதிகளும் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே சர்க்கார் மலை நடைக்கு விதிகள் வகுத்தது. அநுமதியின்றி, வழிகாட்டியின்றி, வானிலையும் பருவமும் அறியாமல் காட்டினுட் செல்வது தைரியமன்று, பெற்றோரைத் தண்டிப்பதே. அநுமதி பெற்று, ஊர்க்காரர் சொற்கேட்டு, பிளாஸ்டிக் குப்பை போடாமல் நடந்து வருக.

வாலிபர்களிடம் இன்னுமொரு வேண்டுகோள். மலைக்கு நடக்குமுன் ஒருமுறை ஊருக்குள் நடந்து பாருங்கள். எம் பேரன் விடுமுறைக்கு வந்தபோது அவனை அழைத்துக்கொண்டு பஜாரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தோம். பழைய பேட்டை இருந்த இடத்தையும், வண்டி அவிழ்த்த பொட்டலையும், மகமை எழுதிய திண்ணையையும் காட்டினோம். கடைகளிலே பலர், “அண்ணாச்சி, இந்த வெயிலில் எங்கே நடை?” என்று கேட்டனர். கால் மணியில் முடியவேண்டிய வழி இரண்டு மணியாயிற்று. வீடு திரும்பியதும் பையன், “தாத்தா, இதுதான் பெரிய ஹைக்” என்றான். அவன் எந்தப் பொருளிற் சொன்னான் என்று நாம் கேட்கவில்லை.

ஆகவே மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க வாலிபர்கள் ஒரு முதியவரை முன்னிட்டு இவ்வாறு ஊரை நடந்து, அவர் கூறும் இடப்பெயர்களையும் செய்திகளையும் எழுதிவைத்து நமது சஞ்சிகைக்கு அனுப்பலாம். அந்நடைக்கு நம் குலத்தார் மட்டுமின்றி அண்டை வீதியாரையும், நம் ஆலைகளில் உழைப்போரின் மக்களையும் அழைக்கவேண்டும். ஏனெனில் அவர்களுடைய பாட்டன்மாரும் அதே வழியில் நடந்தவர்களே. சிலர் நம் வண்டிக்குப் பின்னால், சிலர் நம்மைக் கண்டு ஒதுங்கி. இனி அருகருகே நடப்போம்.

ஏற்றமும் நடையும் ஒன்றே என்று ஆங்கிலச் சொல் காட்டிற்று. நடையும் ஒழுக்கமும் ஒன்றே என்று தமிழ்ச் சொல் காட்டிற்று. இரண்டையும் சேர்த்துப் பொருள் கொண்டால், நன்னடையில்லாத ஏற்றம் வெறும் விலையேற்றமேயாகும். அத்தகைய ஏற்றம் நமக்கு வேண்டாம்.